ஐம்பது ஆண்டு காத்திருக்கும் தண்ணீர்

நியூ ஹேவன்

யேல் பல்கலைக்கழகத்தின் கல் கோபுரங்களைப் பார்க்கச் சிலர் நியூ ஹேவனில் இறங்குகிறார்கள். ஊஸ்டர் தெருவில் 1925 முதல் நிலக்கரி அடுப்பில் வேகும் பீட்சாவுக்காக இறங்குகிறவர்கள் அவர்களைவிட அதிகமோ என்று நினைக்கும் அளவுக்கு அங்கே வரிசை நீளும். ஓரம் கருகி, நடு மெலிந்து, கடற்சிப்பிச் சதை தூவி வரும் அந்த ரொட்டி இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளிகளின் சாப்பாடு. அவர்கள் வேலை பார்த்த ஆலைகள் பலவும் போய்விட்டன, சாப்பாடு மட்டும் தங்கிவிட்டது. அந்த ஆலைக் காலத்தில்தான், 1874இல், இங்கே மாதுஷெக் பியானோ நிறுவனத்தை நடத்திவந்த ஹென்றி பார்மலி, தன் தொழிற்சாலையின் உட்கூரையை ஒட்டித் தண்ணீர்க் குழாய்களை ஓட்டி, அவற்றில் தானாகத் திறந்துகொள்ளும் முனைகளைப் பொருத்தினார். குறைந்த சூட்டிலேயே உருகும் பற்றாசால் முனையின் மூடி ஒட்டப்பட்டிருக்கும். கீழே தீப்பிடித்தால் பற்றாசு உருகும், மூடி கழலும், தண்ணீர் கொட்டும். பியானோ பட்டறை என்றால் காய்ந்த மரம், வார்னிஷ், கம்பளி, பசை. காப்பீட்டுக்காரர்கள் கேட்ட பிரீமியத்தைக் குறைக்க வேண்டும் என்பதே அவருடைய முதல் கவலை. இன்று ஓட்டல், மருத்துவமனை, மால், கிடங்கு என்று எங்கே அண்ணாந்து பார்த்தாலும் தெரியும் ஸ்பிரிங்க்ளரின், நடைமுறையில் நின்ற முதல் வடிவம் அதுதான்.

கருவி வந்துவிட்டது. ஆனால் 1911இல் நியூயார்க்கில் ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்தபோது 146 பேர் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவில், முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துச் சந்தைக்கும் வந்திருந்த பொருள் அந்தக் கூரையில் இல்லை. கண்டுபிடிப்புக்கும் காப்பாற்றுதலுக்கும் நடுவே இவ்வளவு தூரம் எப்படி வந்தது என்ற கேள்வியோடு நியூ இங்கிலாந்தின் பழைய ஆலை ஊர்களைப் பார்த்தால் ஒரு விடை துலங்குகிறது. ஸ்பிரிங்க்ளரை அளந்து ஓட்டி, திறந்து பார்த்து, பழுது நீக்கி, தலைமுறை தலைமுறையாகக் கவனிக்கிற ஆட்கள் உருவான இடத்தில்தான் அந்தக் கருவி நம்பத்தக்கதாயிற்று. அந்த ஆட்களுக்கு இங்கே ஸ்பிரிங்க்ளர் ஃபிட்டர் என்று பெயர். இதே கனெக்டிகட்டில் இன்று அதற்கென்றே ஒரு வகை உரிமம் உண்டு. அது இல்லாதவர் அந்தக் குழாயில் தனியாகக் கைவைக்க முடியாது. பதினெட்டு, இருபது வயதில் ஒருவர் இந்தத் தொழிலுக்குள் எப்படி நுழைகிறார், எத்தனை வருடம் கற்கிறார், கற்கும்போது எதைச் சாப்பிட்டு வாழ்கிறார் என்பதில்தான் ஒரு கட்டடத்தின் பாதுகாப்பு முதலில் முடிவாகிறது. என் வாதம் இவ்வளவுதான். மீதி வழியெல்லாம் அதற்கான சான்றுகள்.

பிராவிடன்ஸ்

நியூ ஹேவனிலிருந்து கிழக்கே போகும் ரயில் கடலை விட்டு விலக மனமில்லாமல் ஓடுகிறது. உப்பு நீர்ச் சதுப்புகள், கோரைப் புல், படகுத் துறைகள், ஓல்ட் சேப்ரூக், நியூ லண்டன், மிஸ்டிக். வேதாரண்யம் பக்கத்துச் சதுப்புகளைப் பார்த்த கண்ணுக்கு நீரும் புல்லும் பழக்கமானவைதான். குளிர்காலத்தில் அந்தப் புல்லின்மேல் உறைந்து நிற்கும் பனிக்கட்டிதான் புதிது. இந்தக் குளிர் வெறும் காட்சி மட்டும் இல்லை, இங்கே ஒரு ஃபிட்டரின் பாதிப் பாடமே அதுதான். சூடாக்காத கிடங்கிலும் பரணிலும் குழாய்க்குள் தண்ணீர் நின்றால் உறைந்து குழாயைப் பிளந்துவிடும். அதனால் குழாயில் அழுத்தமேற்றிய காற்றை நிரப்பி, தண்ணீரை வால்வுக்குக் கீழேயே தடுத்து வைக்கிறார்கள். முனை திறந்து காற்று வெளியேறிய பிறகே தண்ணீர் ஏறும். இதற்கு ஒவ்வொரு குழாயையும் வடிகாலை நோக்கிச் சற்றே சரித்துத் தொங்கவிட வேண்டும். சரிவு எங்காவது தப்பி ஒரு பள்ளத்தில் ஒரு குவளைத் தண்ணீர் தங்கினாலும் ஜனவரியில் அந்த இடம் பிளக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவைக் கை அறிவதற்கு வருடங்கள் பிடிக்கும்.

பிராவிடன்ஸில் காபி மில்க் என்று ஒன்று குடிக்கிறார்கள். காபிப் பாகைக் குளிர்ந்த பாலில் கலந்தது, ரோட் ஐலண்டின் அதிகாரபூர்வப் பானம். டிகாக்‌ஷனோடு வளர்ந்த நாக்குக்கு அது பள்ளிப் பிள்ளைகளின் பானமாகவே படும். ஃபெடரல் ஹில்லில் இத்தாலியக் கடைகள், ஆற்றங்கரையில் போர்ச்சுகீசிய, கேப் வெர்டே வம்சத்தவர், சுற்றிலும் செங்கல் ஆலைகள். இந்த ஆலைகளிலிருந்துதான் தீப்பாதுகாப்பு ஒரு தொழிலாகக் கிளைத்தது. ஸக்கரையா ஆலன் என்ற ஆலை முதலாளி தன் ஆலன்டேல் பஞ்சாலையில் கனத்த தீக்கதவும், தண்ணீர்ப் பம்பும், செம்பு ஆணி அடித்த தோல் குழாயும் வைத்துவிட்டு, தனக்குப் பிரீமியத்தைக் குறைக்கும்படி காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்டார். அவர்கள் மறுத்தார்கள். 1835இல் அவர் ஆலை முதலாளிகளைச் சேர்த்துப் பரஸ்பரக் காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். பாதுகாப்பைக் கவனிக்கிற ஆலைக்கே உறுப்பினர் இடம், அதைச் சோதிக்க ஆள் நேரில் வருவார் என்பது அதன் நடைமுறை. பக்கத்து ஜான்ஸ்டனில் தலைமையகம் வைத்திருக்கும் எஃப்.எம். என்ற பெருநிறுவனம் அதன் வழிவந்ததே.

பார்மலியின் முனையைத் தயாரிக்கும் வேலையும் பிராவிடன்ஸுக்கே வந்தது. இங்கே நீராவி, எரிவாயுக் குழாய் வேலை செய்த நிறுவனம் ஒன்றை ஃபிரெடரிக் கிரின்னல் நடத்திவந்தார். பொறியியல் படித்தவர். 1881இல் தன் சொந்த முனைக்கு உரிமை பெற்றார், 1890இல் கண்ணாடித் தட்டு வைத்த முனையைக் கொண்டுவந்தார். அவருடைய கண்டுபிடிப்புகளைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். அவர் பொருளை விற்றதோடு நில்லாமல் அதைப் பொருத்தித் தரும் ஒப்பந்தத்தையும் எடுத்தார் என்பது எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. குழாயை அளந்து வெட்டி, மரை போட்டு, ஆலைக்கு ஆலை போய் மாட்டும் ஆட்கள் அந்த நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருந்தார்கள். பியானோக்காரரின் யுக்தி ஒரு தொழிலாக மாறியது அந்தச் சம்பளப் பட்டியலில்தான். காப்பீட்டுக்காரர் கேட்டார், ஃபிட்டர் செய்தார், சோதனையாளர் பார்த்தார். இந்த மூவரில் ஒருவர் விலகினாலும் மற்ற இருவரின் உழைப்பு வீண்.

வெஸ்ட் வாரிக்

பிராவிடன்ஸிலிருந்து அரை மணி நேரத்துக்குள் வெஸ்ட் வாரிக் வந்துவிடும். சாலையோரக் கடைகள், கார் பழுதுப் பட்டறைகள், தாழ்ந்த வீடுகள் என்று சாதாரண ஊர். 2003 பிப்ரவரி 20 இரவு இங்கே ‘தி ஸ்டேஷன்’ என்ற இசைக்கூடத்தில் மேடை வாணவேடிக்கையின் பொறி சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் நுரையில் பற்றியது. 100 பேர் இறந்தார்கள். கூடம் இருந்த இடம் 2017 முதல் நினைவுப் பூங்கா. அமெரிக்க அரசின் தர ஆய்வு நிறுவனம் பிற்பாடு அந்த மேடைப் பகுதியைப் போலவே ஒன்றைக் கட்டி, ஒரு முறை ஸ்பிரிங்க்ளர் இல்லாமலும் ஒரு முறை ஸ்பிரிங்க்ளரோடும் எரித்துப் பார்த்தது. இல்லாத சோதனையில் சுமார் ஒன்றரை நிமிடத்தில் அறைக்குள் உயிர் தாங்காத நிலை. இருந்த சோதனையில் தீ அடங்கி, மூச்சுவிடும் நிலை நீடித்தது. பழைய கட்டடம் என்பதால் விதி அதற்கு ஸ்பிரிங்க்ளரைக் கட்டாயமாக்கியிருக்கவில்லை. ஸ்பிரிங்க்ளருக்குப் பேர்போன பிராவிடன்ஸின் பக்கத்திலேயே இப்படி நடந்தது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். அந்தக் கூடத்தில் இல்லாதது கருவிதானே, அதைப் பொருத்தச் சொல்லும் சட்டம்தானே, ஃபிட்டரின் கல்விக்கும் இதற்கும் என்ன தொடர்பு? நியாயமான கேள்வி. சட்டம் அந்த ஆண்டே கடுமையாயிற்று. நூறு பேருக்கு மேல் கூடும் பழைய இரவு விடுதிகளுக்கும் ஸ்பிரிங்க்ளர் வேண்டும் என்று தேசிய அளவிலான விதித்தொகுப்பும் மாறியது. ஆனால் சட்டம் மாறிய மறுநாள் நடப்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். காகித வரைபடத்தில் இல்லாத விட்டங்கள், ஆளாளுக்கு அடித்த பொய்க்கூரை, தெருக்குழாயில் எவ்வளவு அழுத்தம் என்று தெரியாத நிலை. புதுக் கட்டடத்தில் குழாய் ஓட்டுவதைவிட இதில் நுழைவது பல மடங்கு கடினம். பழகிய ஆட்கள் ஏற்கெனவே அங்கே இருந்ததால்தான் புதுச் சட்டத்தை வேலையாக மாற்ற முடிந்தது. ஆள் இல்லாத இடத்தில் அதே சட்டம் சான்றிதழ் வாங்கும் சடங்காகிவிடும்.

தண்ணீரைப் பற்றிய பயம் ஒன்றும் பரவலாக உண்டு. சினிமாவில் ஒருவன் தீக்குச்சியைக் காட்டியதும் கட்டடம் முழுக்க மழை பெய்யும். உண்மையில் ஒவ்வொரு முனையும் தன் அடியில் சூடு ஏறினால் மட்டும் திறக்கும். முனையின் கண்ணாடிக் குமிழ் சிவப்பு என்றால் 68 பாகை, பச்சை என்றால் 93 பாகை செல்சியஸ். ஸ்பிரிங்க்ளர் வேலை செய்த தீவிபத்துகளில் நான்கில் மூன்றுக்கு ஒரே முனை போதுமானதாக இருந்திருக்கிறது. வேலை செய்ய வேண்டிய தருணங்களில் பத்துக்கு ஒன்பது முறைக்கு மேல் அது செய்கிறது. என் வாதத்துக்கு மிகவும் வேண்டிய சான்று மீதியில் இருக்கிறது. செய்யாமல் போன நேரங்களில் பாதிக்கு மேல், யாரோ வால்வை மூடிவைத்திருந்ததே காரணம். முனை கெட்டதால் இல்லை, பற்றாசு உருகாததால் இல்லை. ஒரு கை மூடியது, இன்னொரு கை வந்து திறந்து பார்க்கவில்லை.

க்வின்சி

பாஸ்டனுக்குத் தெற்கே க்வின்சி. கருங்கல் வெட்டிய ஊர், கப்பல் கட்டிய ஊர், டங்கின் டோனட்ஸ் 1950இல் கடை திறந்த ஊர். நியூ இங்கிலாந்தின் கட்டட வேலைக்காரர்கள் பொழுது விடிவதற்கு முன் இந்தக் கடைகளில் வரிசையில் நிற்கிறார்கள். பனி கொட்டும் மாதத்திலும் பலர் கையில் ஐஸ் காபிதான். ஆறு, ஏழு மணிக்கு வேலை தொடங்கி, பிற்பகல் மூன்று மணி வாக்கில் கருவிகளைக் கட்டிவிடுகிறார்கள். ஒன்பதரைக்கு டீயோடு தொடங்கி, கான்கிரீட் போடும் நாளில் இரவு வரை நீளும் நம் சைட்டு வாழ்க்கைக்கு இது நேரெதிர். வேலை முடியும் நேரம் நிச்சயமாக இருப்பதால்தான் மாலையில் வகுப்பு வைக்க முடிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் (என்.எஃப்.பி.ஏ.) இந்த ஊரிலிருந்து இயங்குகிறது. அது பிறந்த கதை ஒரு குழாய்ச் சண்டை. 1895இல் பாஸ்டனில் கூடிய சிலர், அந்த நகரத்தைச் சுற்றி நூறு மைலுக்குள் ஒன்பது விதமான குழாய் அளவு முறைகள் புழங்குவதைக் கண்டார்கள். ஓர் ஊரில் கற்றவர் அடுத்த ஊரில் தப்பு செய்கிறவராகிவிடுவார். 1896இல் பொது விதி எழுதினார்கள், சங்கமும் அந்த ஆண்டே அமைந்தது. அந்த விதியின் வாரிசு என்.எஃப்.பி.ஏ. 13. சென்னையில் பெரிய ஐ.டி. வளாகங்களுக்கு வடிவமைக்கிறவர்களும் இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்கிறார்கள். முதல் வருடப் பயிற்சியாளருக்கு அது நீளமான கட்டளைப் பட்டியலாகத் தெரியும். ஓரங்குல இரும்புக் குழாய்க்குப் பன்னிரண்டு அடிக்கு ஒரு தாங்கி. சாதாரணத் தட்டைக் கூரையில் முனையின் நீர் சிதறடிக்கும் தட்டு கூரைக்குக் கீழே ஓர் அங்குலத்துக்குக் குறையாமலும் பன்னிரண்டு அங்குலத்துக்கு மிகாமலும். அடியில் அடுக்கும் சாமானுக்கும் முனைக்கும் பதினெட்டு அங்குல இடைவெளி. வேலை முடிந்தால் 200 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் இரண்டு மணி நேரம் நிறுத்தி ஒழுகல் பார்க்க வேண்டும். முனைமேல் பெயிண்ட் படக்கூடாது. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் எங்கோ எரிந்த ஒரு கூரை இருக்கிறது. காரணம் தெரியாமல் எண்ணை மனப்பாடம் செய்தவர் சிக்கலான மூலை வந்ததும் திகைப்பார். காரணம் தெரிந்தவர் நின்று யோசிப்பார்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1992இல் வந்த என்.எஃப்.பி.ஏ. 25. இது பொருத்துவதைப் பற்றிப் பேசவில்லை, பொருத்தியதை உயிரோடு வைப்பதைப் பற்றிப் பேசுகிறது. காலாண்டுக்கு ஒரு சோதனை, ஆண்டுக்கு ஒரு வடிகால் சோதனை, ஐந்தாண்டுக்கு ஒரு முறை குழாயைத் திறந்து உள்ளே துருவும் சேறும் இருக்கிறதா என்று பார்ப்பது. சாதாரண முனைகளுக்கு 50 வயது ஆனால், ஒன்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் மாதிரிக்குச் சிலவற்றைக் கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இருபது வயதில் ஒருவர் மாட்டிய முனையை அவருக்கு எழுபது வயதாகும்போது வேறொருவர் கழற்றுவார். நடுவில் அரை நூற்றாண்டு அந்தக் குழாயில் தண்ணீர் அசையாமல் நிற்கும், அல்லது நிற்பதாக எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

பாஸ்டன்

பாஸ்டனின் பே வில்லேஜ் பகுதி குறுகலான தெருக்களும் செங்கல் வீடுகளும் எரிவாயு விளக்குகளுமாக அமைதியான இடம். 1942 நவம்பர் 28 இரவு அங்கே கோகனட் குரோவ் விடுதி எரிந்து 492 பேர் இறந்தார்கள். சுழற்கதவு நெரிசலில் அடைபட்டது, பூட்டிய கதவுகளின் பின்னால் மனிதர்கள் குவிந்தார்கள். இன்று பாஸ்டனின் துறைமுகப் பகுதியில் ஆய்வகங்களும் அடுக்குமாடிகளும் எழும்பும் இடங்களில், தண்டவாளம்போல் நெடுக ஓடும் குழாய்களின் அடியில் ஏணிமேல் நிற்கிறவர்கள் இந்த வரலாற்றின் வாரிசுகள். இந்நகரத்தின் ஸ்பிரிங்க்ளர் ஃபிட்டர்களுக்குத் தனிச் சங்கம் உண்டு, 550ஆம் கிளை. அமெரிக்காவின் பெரும்பகுதிக்கும் வேலை தேடிப் பயணிக்கும் ஃபிட்டர்களுக்கு 669ஆம் கிளை. அங்கே பயிற்சிக்காலம் ஐந்து வருடம்.

முதல் வருடம் பெரும்பாலும் சுமப்பதும் வெட்டுவதும் மரை போடுவதும்தான். தாங்கிக்குத் துளையிடுவது, குழாய் ரெஞ்சைப் பிடிக்கும் விதம், ஏணி ஏறும் ஒழுங்கு. அடுத்தடுத்த வருடங்களில் வரைபடம் படிப்பது, பம்பு, உலர் வால்வு, அலாரம், நீரழுத்தக் கணக்கு. பகலில் வேலை, அதற்குச் சம்பளம். வேலைக்கு வெளியே வகுப்பும் வீட்டுப்பாடமும். முழுத் தேர்ச்சி பெற்றவரின் கூலியில் ஒரு பங்கிலிருந்து தொடங்கி, படிப்படியாக அந்தப் பங்கு உயர்ந்துகொண்டே போகும். முடித்தவர் சைட்டு மேற்பார்வையாளராகலாம், பராமரிப்புச் சோதனைக்குப் போகலாம், வரைபடம் போடும் மேசைக்கு நகரலாம். மாசசூசெட்ஸில் மாநில உரிமத் தேர்வும் எழுத வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை இவர்களைப் பிளம்பர்களோடும் நீராவிக் குழாய் ஃபிட்டர்களோடும் சேர்த்தே கணக்கிடுகிறது. 2023 மே மாதக் கணக்கில் அந்தக் குழுவின் நடுத்தர ஆண்டு வருமானம் 61,550 டாலர். கல்லூரிக் கடனோடு பட்டம் வாங்கும் வயதில், கடனில்லாமல் நான்கு வருடச் சம்பளத்தைக் கண்டவர் இந்தப் பயிற்சியாளர்.

குழாய் மாட்டுவதற்கு ஐந்து வருடமா என்று கேட்கிறவர்கள் உண்டு. நம் ஊரில் இந்தக் கேள்வி இன்னும் உரத்தே எழும். இங்கே ஃபயர் லைன் வேலைக்கு வரும் பையன் பெரும்பாலும் ஒரு கான்ட்ராக்டரிடம் ஹெல்ப்பராகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்று, ஆறு மாதத்தில் ஃபிட்டர் என்ற பெயரோடு அடுத்த சைட்டுக்குப் போய்விடுகிறான். வீட்டுக் குழாய்க்கு அது ஓரளவு போதும், ஏனென்றால் அதைத் தினமும் திறக்கிறோம். ஒழுகினால் அன்று மாலையே வீட்டுக்காரர் கூப்பிடுவார், பிளம்பர் தன் தவறிலிருந்து அந்த வாரமே பாடம் கற்பார். ஸ்பிரிங்க்ளர் குழாயை யாரும் திறப்பதில்லை. அதில் தவறு செய்தவருக்கு அந்தத் தவறு ஒருபோதும் தெரியவராது. தீ வரும் நாளில் அவர் வேறு ஊரில் இருப்பார். அனுபவம் திருத்தும் என்ற நம்பிக்கை இந்த ஒரு தொழிலில் செல்லாது. வேலை திருத்தாததைப் படிப்புதான் முன்கூட்டித் திருத்த வேண்டும். ஐந்து வருடத்துக்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னும் கனமான ஆட்சேபம் வேறொன்று. நீண்ட பயிற்சி என்பது உள்ளே இருப்பவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளும் உபாயம் என்று சொல்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது, மறைக்கக் கூடாது. அமெரிக்கக் கட்டடத் தொழிற்சங்கங்கள் பல, கறுப்பினத்தவரையும் பெண்களையும் தலைமுறைகளாக வெளியே வைத்தன. நியூயார்க்கின் தகட்டு வேலையாளர் சங்கம் ஒன்றைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், சிறுபான்மையினரைச் சேர்க்க விதித்த இலக்கு 1986இல் உறுதியானது. தந்தை வழியாக மகன், மாமன் வழியாக மருமகன் என்று வேலை கைமாறுவது சாதிக்கும் தொழிலுக்கும் முடிச்சுப் போட்டு வாழ்ந்த நமக்குப் புதிய செய்தி இல்லை. ஆனால் யாரைச் சேர்ப்பது என்பதும் எத்தனை நாள் கற்பிப்பது என்பதும் வேறு வேறு கேள்விகள். சங்கத்துக்கு வெளியே இயங்கும் ஒப்பந்தக்காரர்களின் அமைப்பும் தன் பயிற்சித் திட்டத்தை வருடக்கணக்கில்தான் வகுத்திருக்கிறது. சங்கத்தைப் பிடிக்காதவர்களும் அதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்றால், அந்தக் காலம் வேலையின் தன்மையிலிருந்து வந்தது என்றே கொள்ள வேண்டும். அநீதியைத் தேர்வு முறையில் திருத்தலாம். பாடத்தைக் குறைத்துத் திருத்த முடியாது.

லோவெல்

பாஸ்டனின் வடக்கு நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரத்தில் லோவெல். மெர்ரிமாக் ஆற்றின் அருவியைக் கால்வாய்களாகப் பிரித்து அதன் விசையில் பஞ்சாலைகளை ஓட்டிய ஊர். பூட் ஆலை அருங்காட்சியகத்தில் பழைய விசைத்தறிகளை இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள். அந்தக் கூடத்துக்குள் நுழைந்தால் பேச்சு கேட்காது. கோவையிலோ ராஜபாளையத்திலோ ஆலைக் கூடத்தில் நின்றவர்களுக்கு அந்த இரைச்சலும் தரை அதிர்வும் விளக்கத் தேவையற்றவை. பண்ணை வீட்டுப் பெண்கள் வந்து வேலை செய்த விடுதித் தெருக்களில் இப்போது கம்போடிய முதுமக்களின் குரல் கேட்கிறது. அமெரிக்காவின் மிகப் பெரிய கம்போடியக் குடியிருப்புகளில் இது ஒன்று. அரிசி நூடுல்ஸ் சூப்பில் எலுமிச்சையும் பொரித்த பூண்டும் போட்டுத் தருகிறார்கள். ஒரு வாரமாகச் சீஸையும் ரொட்டியையும் பார்த்த கண்ணுக்கு அரிசியைக் கண்டதே ஆறுதல்.

இந்த ஆலைகளில் 1850களின் தொடக்கத்திலேயே உட்கூரையில் துளையிட்ட குழாய்கள் ஓடின. கீழே ஒருவர் வால்வைத் திறந்தால் எல்லாத் துளைகளிலிருந்தும் தண்ணீர் கொட்டும். அதை அமைத்தவர் ஜேம்ஸ் பிரான்சிஸ், அவர் பெயரில்தான் உலகின் நீர்மின் நிலையங்கள் பிரான்சிஸ் டர்பைனை ஓட்டுகின்றன. இங்கிலாந்தில் பதின்வயதில் தந்தையோடு கட்டுமான வேலைக்குப் போனவர், 1833இல் அமெரிக்கா வந்து படம் வரைபவராகச் சேர்ந்து, 1837இல், 22 வயதில் லோவெலின் கால்வாய் நிறுவனத்துக்குத் தலைமைப் பொறியாளரானார். பொறியியல் கல்லூரியில் படித்தவரல்லர். 1850இல் அவர் கால்வாயின்மேல் ஒரு பிரமாண்டமான மரக்கதவைத் தொங்கவிட்டபோது ஊர் அதை வீண்வேலை என்றது. இரண்டே வருடத்தில் வெள்ளம் வந்தது. கதவை இறக்கி ஊரைக் காப்பாற்றினார்கள். பிறகு 84 வருடம் அது சும்மா தொங்கியது. 1936 வெள்ளத்தில் மறுபடி இறக்கினார்கள், மறுபடி காத்தது. பயன்படாமல் காத்திருக்கும் ஒரு பொருளை மூன்று தலைமுறை தயாராக வைத்திருந்த கவனிப்புதான் ஸ்பிரிங்க்ளர் தொழிலின் சாரமும்.

ஆலைகள் இன்று அடுக்குமாடி வீடுகள். கனத்த மர விட்டங்களின் கீழே குழாய்கள் மறைக்கப்படாமல் ஓடுகின்றன, குடியிருப்பவர்கள் அதை அழகாகவே கருதுகிறார்கள். இவற்றைப் பராமரிக்கும் வேலைக்கு இளைஞர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்றால், பெரும்பங்கு மாசசூசெட்ஸின் தொழிற்கல்வி உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து. பல பள்ளிகளில் ஒரு வாரம் வகுப்பறை, அடுத்த வாரம் பட்டறை என்று மாறி மாறி நடக்கிறது. விண்ணப்பிக்கும் எல்லாருக்கும் அங்கே இடம் கிடைப்பதில்லை. நம்மிடம் ஐ.டி.ஐ. என்பது மதிப்பெண் குறைந்தவர்கள் ஒதுங்கும் இடமாகப் பெற்றோர் மனதில் பதிந்திருக்கிறது. இந்தியாவின் 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பு உயரக் கட்டடங்களுக்கு ஸ்பிரிங்க்ளர் கேட்கிறது. ஐ.எஸ். 15105 அதை எப்படி அமைப்பது என்று 2002லேயே சொல்லிவிட்டது. விதி உண்டு, பொருளும் கடையில் உண்டு. ஆனாலும் 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் பல மாடி ஜவுளிக்கடை ஒன்று பற்றி, ஒரு நாளுக்கு மேல் எரிந்து, ஒரு பகுதி இடிந்து, கடைசியில் முழுவதையும் தகர்க்க வேண்டியதாயிற்று. அந்தத் தெருவின் மற்ற கடைகளில் இருக்கும் முனைகளுக்குப் பின்னால் தண்ணீர் நிற்கிறதா என்று காலாண்டுக்கு ஒருமுறை திறந்து பார்க்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் எத்தனை பேர் வேண்டியிருப்பார்கள் என்று நினைத்தால், அது ஒரு தெருவுக்கே பல குடும்பங்களின் பிழைப்பு.

அமெரிக்காவில் காப்பீடு வற்புறுத்தியது, இங்கே யார் வற்புறுத்துவது, யார் கற்பிப்பது என்பது கடைசி ஆட்சேபம். முதல் பாதிக்குத் தடையின்மைச் சான்று தரும் தீயணைப்புத் துறையே விடை. புதுப்பிக்கும்போது சோதனைப் பதிவேட்டையும், சோதித்தவரின் தகுதியையும் கேட்டால் போதும், அந்த வேலைக்குச் சந்தை தானாகப் பிறக்கும். இரண்டாம் பாதிக்கு விடை வளைகுடாவில் இருக்கிறது. துபாய், தோஹா, ரியாத் கோபுரங்களில் ஃபயர் ஃபைட்டிங் பைப் ஃபிட்டராக வேலை பார்க்கும் தமிழர்கள் க்வின்சியில் எழுதிய அதே விதிகளின்படி, அதே இரண்டு மணி நேர அழுத்தச் சோதனையைச் செய்து பழகியவர்கள். பத்து, பதினைந்து வருடம் கழித்து ஊர் திரும்பி, கற்ற தொழிலுக்கு வேலையில்லாமல் ஆட்டோவோ மளிகைக் கடையோ வைக்கிறார்கள். அவர்களிடம் ஆசிரியர் பட்டம் இல்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள். வருகைப் பயிற்றுநராக அழைக்கப் பட்டம் தேவையில்லை, கைவேலைத் தேர்வு ஒன்று வைத்தால் போதும். அறந்தாங்கியிலும் ராமநாதபுரத்திலும் இருக்கும் ஐ.டி.ஐ. பட்டறைகளுக்கு வேண்டியது ஒரு பம்பு, ஒரு ஈர வால்வு, நூறடி இரும்புக் குழாய், நான்கு வகை முனைகள், சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே பயிற்சியாளருக்கு உதவித்தொகை, மாதத்தில் பத்து நாள் வந்து கற்பிக்கும் அந்த ஃபிட்டருக்கு வளைகுடாவில் வாங்கியதில் பாதியாவது சம்பளம்.